பாடத்தின் முதல் ஐந்து நிமிடங்கள்



ஜூன் மாதம் பிறந்தால் நம் வீடுகளில் ஒரே பரபரப்பு. புத்தகப் பை, சீருடை, பள்ளிக் கட்டணம், பேருந்து வசதி என்று தாயும் தந்தையும் ஓடியாடிச் சேகரிக்கிறார்கள். பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும், "என்ன பாடம் நடந்தது? பரீட்சையில் எத்தனை வாங்கினாய்?" என்று விசாரிக்கிறார்கள். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால், "பாடம் எப்படித் தொடங்கிற்று?" என்று கேட்கும் பெற்றோரைக் காண்பது அரிது. அக்கேள்வியையே இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

மணி அடிக்கிறது. ஆசிரியர் வகுப்பினுள் நுழைகிறார். நாற்பது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்காருகிறார்கள். நாற்பது உடல்கள் அங்கே இருக்கின்றன. நாற்பது மனங்கள் எங்கே இருக்கின்றன? ஒருவனுடைய மனம் விளையாட்டுத் திடலில். ஒருத்தியின் மனம் காய்ச்சலாய்க் கிடக்கும் தம்பியிடம். இன்னொருவன் காலையில் வீட்டில் நடந்த சண்டையை நினைத்துக்கொண்டிருக்கிறான். இந்நிலையில், "பக்கம் நாற்பத்திரண்டைத் திறங்கள்" என்று பாடம் ஆரம்பமானால், புத்தகம் திறக்கும், மனம் திறக்குமா?

இதில் நட்டப்படுகிறவர்கள் யார் என்று பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் சமாளித்துக்கொள்ளும். குறும்புக்காரப் பிள்ளையை ஆசிரியர் கண்டித்தாவது கவனிக்கச் செய்வார். தொந்தரவு கொடுக்காமல், ஒன்றும் விளங்காமல், கடைசி வரிசையில் அமைதியாய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் கைவிடப்படுகிறது. இன்று தொடக்கம் விளங்கவில்லை. ஆகையால் நடுப்பகுதி விளங்கவில்லை. நாளைய பாடம் இன்றைய பாடத்தின் மேல் நிற்கிறது. ஆகையால் அதுவும் விளங்கவில்லை. இப்படியே ஓர் ஆண்டு போனால் அப்பிள்ளைக்கு "மக்கு" என்று பெயர் விழுகிறது. பின்னர் அது தறிப்பட்டறைக்கோ கோழிப்பண்ணைக்கோ வேலைக்குப் போனால், "படிப்பு ஏறவில்லை, என்ன செய்வது?" என்று நாமும் பெருமூச்சு விடுகிறோம். ஏறாதது படிப்பா, அல்லது ஏறுவதற்கு ஒரு படி வைக்கப்படவில்லையா?

1. பழைய காலத்து ஆலோசனை

இக்கவலை புதிதன்று. ஏறக்குறைய 400-ஆம் ஆண்டில், கார்த்தேஜ் நகரத்துத் தியாக்கோன் தேயோகிராசியாஸ் என்பவர் ஹிப்போ நகரின் மேற்றிராணியாராகிய அர்ச். அகுஸ்தீனாருக்குக் கடிதம் எழுதினார். புதிதாக வருகிறவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லுகையில் தம் பேச்சு தமக்கே சலிப்பாயிருக்கிறதென்றும், கேட்கிறவர்களுக்கு எப்படியிருக்குமோவென்றும் அவர் முறையிட்டார். அதற்கு மறுமொழியாக அகுஸ்தீனார் ஒரு சிறு நூலே எழுதியனுப்பினார். ஆசிரியர் வேலை பார்க்கிற எவரும் வாசிக்கத்தக்க நூல் அது.

அதில் அவர் கூறும் யோசனைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது: வந்தவன் எந்த நோக்கத்தோடு வந்தான் என்று கேள்; அவன் சொல்லும் பதிலிலிருந்தே உன் உபதேசத்தைத் தொடங்கு. இரண்டாவது: கேட்கிறவன் கொட்டாவி விட்டால், அவனுக்கு உற்சாகமூட்டும் ஏதேனும் ஒன்றைச் சொல், ஆனால் அது நடக்கும் விஷயத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும். நின்று களைத்திருந்தால் உட்கார இடம் கொடு. மூன்றாவது: ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவதால் உனக்கே சலிப்புத் தட்டினால், கேட்கிறவன்மேல் அன்பு வை. நமக்குப் பழகிப்போன அழகான இடங்களை வெளியூர் நண்பருக்குக் காட்டும்போது, அவருடைய வியப்பினால் நமக்கும் அவை புதிதாகத் தோன்றுகின்றன அல்லவா? அதுபோலத்தான்.

பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தும் இம்மூன்றையும் மிஞ்சிய யோசனை எளிதில் அகப்படாது.

2. "ஆர்வமூட்டல்" என்ற சொல்

பிற்காலத்தில் இது கல்வி சாஸ்திரமாகவே வளர்ந்தது. ஜெர்மனி தேசத்து ஹெர்பார்ட் (1776–1841) என்னும் தத்துவ ஞானி, புதிய அறிவு மனத்தில் ஏற்கெனவே இருக்கும் அறிவோடு சேர்ந்தால்தான் நிலைக்கும் என்று போதித்தார். அவர் வழிவந்தவர்கள் பாடம் நடத்துவதற்கு ஐந்து படிகளை வகுத்தார்கள். அவற்றுள் முதற்படி, மாணாக்கனுடைய மனத்தை ஆயத்தம் செய்வது. நம் நாட்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளிலும் இப்படிகள் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டன. இன்றும் நம் ஆசிரியர்கள் எழுதும் பாடக்குறிப்பில் "ஆர்வமூட்டல்" என்றோ "அறிமுகம்" என்றோ ஒரு தலைப்பு இருக்கிறது.

1968-இல் அமெரிக்க உளநூல் அறிஞர் டேவிட் ஆசுபெல் தமது நூலில் இதே கருத்தை வற்புறுத்தினார். கற்கிறவனுக்கு முன்பே என்ன தெரியும் என்பதுதான் கற்றலை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாதிக்கிறது. அதைக் கண்டறிந்து அங்கிருந்து கற்பிக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

ஆனால், எழுதி வைத்த தலைப்பு வேறு. வகுப்பில் நடப்பது வேறு. மேற்பார்வைக்காக ஒரு வரி எழுதிவிட்டு, வகுப்பில் நேரே பக்கம் நாற்பத்திரண்டுக்குப் போவதும் உண்டு. தலைப்பு இருந்தால் போதாது. பிள்ளைமேல் கண் இருக்க வேண்டும்.

3. நம் மாநிலத்தில் செய்து பார்த்தது

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த சரித்திரம் ஒன்றுண்டு. 2003-ஆம் ஆண்டில், அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் முயற்சியால், மாநகராட்சிப் பள்ளிகளில் "செயல்வழிக் கற்றல்" தொடங்கிற்று. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் உருவான முறை அதற்கு முன்மாதிரி. 2007–08 கல்வியாண்டில் அது மாநிலமெங்குமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

அந்த வகுப்பறையில் பள்ளி நாள் எப்படித் தொடங்கிற்று என்பதுதான் நமக்கு வேண்டியது. ஆசிரியர் பெயர் வாசித்து வருகை குறிப்பதற்குப் பதிலாக, பிள்ளையே தன் பெயருக்கு நேரே தன் வருகையைப் பதிந்தது. அன்று வெயிலா, மேகமா, மழையா என்று பார்த்துக் காலநிலை அட்டவணையில் குறித்தது. ஆரோக்கியச் சக்கரத்தில் தன் சுத்தத்தைத் தானே சரிபார்த்தது. பின்னர்க் கற்றல் ஏணியில் தான் நிற்கும் படி எது என்று கண்டு, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு அமர்ந்தது. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்குமேல் கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் கைவேலைகள். ஆசிரியரும் தரையில், பிள்ளைகளின் நடுவே.

இதன் உட்பொருள் என்ன? நாளின் முதல் செயலைப் பிள்ளை செய்தது. பாடம் ஆரம்பிக்கும் முன்பே தன் கண்ணையும் கையையும் அது உபயோகித்துவிட்டது. "நீ எங்கே நிற்கிறாய்?" என்ற கேள்விக்கு அது தானே பதில் கண்டது.

அந்த முறைக்குக் குறைகளும் சொல்லப்பட்டன. "பிள்ளைகள் அட்டையோடு விளையாடுகிறார்கள், பாடம் எங்கே?" என்று கேட்டவர்கள் உண்டு. பின்வந்த ஆண்டுகளில் முறைகளும் மாறின. கொரோனா தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக, 2022-இல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கப்பட்டது. பிள்ளைகளின் நிலையறிந்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம் முதலியவற்றால் பாடத்துக்குள் அழைத்துச் செல்வது அதன் வழி. முறையின் பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றே: பிள்ளை நிற்கும் இடத்துக்கு ஆசிரியர் முதலில் போகிறார், பிறகு கைபிடித்து அழைத்து வருகிறார்.

4. நம் ஊரிலேயே கிடக்கும் ஆரம்பங்கள்

"இதற்கெல்லாம் பணமும் சாதனமும் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நம் சேலம், நாமக்கல் சீமையில் ஆரம்பங்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று உதாரணங்கள் சொல்லுவோம்.

முட்டை. நாமக்கல் பகுதிப் பிள்ளைகளுக்கு அட்டையில் முட்டை அடுக்குவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் அட்டைக்கு முப்பது முட்டை; கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே. ஆசிரியர் ஓர் அட்டையை மேசைமேல் வைத்து, "கூர்முனையை ஏன் கீழே வைக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்கட்டும். பண்ணையில் வேலை செய்யும் தாயின் மகன், இதுவரை வாய் திறவாதவன், முதன்முறையாக நிமிர்ந்து உட்காருவான். வழக்கம் அவனுக்குத் தெரியும், காரணம் தெரியாது. முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. அது மேலே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிலைபெற்று, முட்டை அதிக நாள் கெடாதிருக்கும். அடைவைத்த முட்டையில் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருமுன் அந்த அறையிலுள்ள காற்றைத்தான் முதன்முதல் சுவாசிக்கிறது. இங்கிருந்து ஓட்டிலுள்ள நுண்துளைகளுக்கும், சுவாசத்துக்கும், கருவளர்ச்சிக்கும் பாடம் தானே நகரும்.

ஜவ்வரிசி. சேலத்துச் சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கை அரைத்து எடுத்த பாலைத் தொட்டியில் விடுகிறார்கள். நேரம் செல்லச் செல்ல வெள்ளை மாவு அடியில் படிய, நீர் மேலே தெளிகிறது. "மாவு ஏன் தண்ணீரில் கரையாமல் அடியில் போய் உட்காருகிறது? சர்க்கரை மட்டும் ஏன் கரைகிறது?" என்ற கேள்வியோடு, கலவைகளைப் பிரிக்கும் பாடத்தைத் தொடங்கலாம். ஈரமான ஜவ்வரிசியின்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டால் அது கருநீலமாகும். மாவுச்சத்தின் அடையாளத்தைப் பிள்ளை பிறகு மறக்காது.

லாரி. தந்தை லாரி ஓட்டுகிற குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! நம் ஊர்கள் வழியாகச் செல்லும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை தெற்கே கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே ஸ்ரீநகர் வரை போகிறது. பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத், நாகபுரி, ஆக்ரா, டெல்லி யாவும் அதன்மேல் இருக்கின்றன. "நேற்றிரவு யாருடைய அப்பா தொலைபேசியில் பேசினார்? எந்த ஊரிலிருந்து?" என்று ஆசிரியர் கேட்டு, அந்த ஊரைப் படத்தில் குறிக்கச் சொல்லட்டும். இந்தியாவின் நதிகளும் பீடபூமிகளும் அப்பிள்ளைக்கு அப்பா கடந்துபோகும் இடங்களாகிவிடும். தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசின பிள்ளை, வகுப்புக்கு வழிகாட்டியாகவும் நிற்கும்.

5. வேடிக்கை வேறு, ஆர்வம் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆர்வமூட்டுவதென்றால் சிரிக்கவைப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறு.

1998-இல் ஹார்ப், மேயர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மின்னல் எவ்வாறு உண்டாகிறது என்ற பாடத்தைக் கல்லூரி மாணவருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். சிலருக்குப் பாடம் மட்டும். சிலருக்கு அதனுடன், மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய பரபரப்பான செய்திகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. செய்திகளோடு படித்தவர்களே பாடத்தைக் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். அந்தச் செய்திகள் தொடக்கத்தில் வந்தபோது தீங்கு அதிகமாகவும், முடிவில் வந்தபோது குறைவாகவும் இருந்தது. காரணம் யாதெனில், தொடக்கத்தில் மனம் எந்தப் பாதையில் திருப்பிவிடப்படுகிறதோ, அந்தப் பாதையிலேயே மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

ஆகையால் கதை சொல்லலாம். ஆனால் கதையின் கதவு பாடத்துக்குள் திறக்க வேண்டும். இதற்கு நம் வீரமாமுனிவரே (1680–1747) நல்ல உதாரணம். தமிழ் கற்பவர்களுக்குப் பயிற்சி வாசகமாக அவர் அமைத்தது பரமார்த்த குருவின் கதை. அசட்டுக் குருவும் அவருடைய சீடர்களும் செய்யும் கூத்தைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. ஆயினும், சிரிக்க வேண்டுமானால் அந்தத் தமிழ் வாக்கியம் விளங்க வேண்டும்! சிரிப்பே பாடமாயிற்று. 1822-இல் லண்டன் நகரில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அது அச்சேறியது.

நம் ஆண்டவரும் மீனவரிடம் வலையைப் பற்றியும், உழவரிடம் விதையைப் பற்றியும் பேசினார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டே உரையாடலைத் தொடங்கினார். நம் ஞாயிறு ஞானோபதேச வகுப்பு நடத்துகிறவர்களும் இதைக் கவனிப்பார்களாக.

6. "இதற்கெல்லாம் நேரம் ஏது?"

இது நேர்மையான ஆட்சேபம். பாடம் மலைபோலிருக்கிறது, பரீட்சை வருகிறது, வகுப்பில் கூட்டம் அதிகம். எனினும் கணக்குப் பாருங்கள். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் ஐந்து நிமிடத்தை ஆரம்பத்துக்குச் செலவிட்டால் நாற்பது மிஞ்சும். அந்த ஐந்தையும் மிச்சம்பிடிக்க நினைத்து, கேளாத செவிகளுக்கு நாற்பத்தைந்து நிமிடமும் பேசினால் மிஞ்சுவது என்ன? உழாத நிலத்தில் விதைப்பவன் நேரத்தை மிச்சப்படுத்தியதாக நம் விவசாயி எவரும் சொல்லமாட்டார்.

தினந்தோறும் புதுமை தேட வேண்டியதுமில்லை. நேற்றைய பாடத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டு, புத்தகத்தைப் பாராமல் பிள்ளைகள் பதில் சொல்லும்படி செய்வதும் சிறந்த ஆரம்பமே. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லுவது அறிவை உறுதிப்படுத்துகிறது. யாருக்கு எது விளங்கவில்லை என்பதும் வெளிப்படுகிறது.

7. பெற்றோர் செய்ய வேண்டியது

வகுப்பில் நடப்பது ஆசிரியர் பொறுப்பு. வகுப்புக்கு எந்த மனத்தோடு பிள்ளை போகிறது என்பது நம் பொறுப்பு.

முதலாவது, வயிறு. பசித்த பிள்ளைக்கு எந்த ஆர்வமூட்டலும் பலிக்காது. இதையறிந்தே 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் பரப்பினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்; 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கப்பட்டது. பிள்ளை வெறும் வயிற்றோடு வீட்டுப்படி இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, காலை நேரத்துச் சொல். பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வசவு, சண்டை, மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுதல் ஆகியவற்றை விலக்குங்கள். காலையில் சொன்ன கடுஞ்சொல் முதல் பாடவேளை முழுவதும் பிள்ளையின் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, கேள்விக்கு மரியாதை. "இது ஏன் இப்படி?" என்று பிள்ளை கேட்டால், "வாயை மூடிக்கொண்டு படி" என்னாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள்; தெரியாவிட்டால், "நாளை உன் ஆசிரியரைக் கேட்டு வந்து எனக்கும் சொல்" என்று அனுப்புங்கள். கேள்வியோடு வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குப் பாடம் பாதி தொடங்கியாயிற்று. அகுஸ்தீனார் தம் சரிதையில், பால்ய வயதில் கிரேக்க மொழியை அச்சத்தோடும் தண்டனையோடும் கற்றதால் வெறுத்ததாகவும், இலத்தீன் மொழியைத் தாதிமாரின் கொஞ்சலுக்கும் விளையாட்டுக்கும் இடையே எளிதில் கற்றதாகவும் கூறுகிறார். தானாக எழும் ஆவலுக்கு இருக்கும் பலம் பயமுறுத்தலுக்கு இல்லை என்பது அவர் கண்ட அனுபவம்.

நான்காவது, ஆசிரியருக்குத் துணை. வகுப்பில் முட்டையும் கிழங்கும் கொண்டு வந்து கேள்வி கேட்கும் ஆசிரியரை, "விளையாட்டுக் காட்டுகிறார்" என்று குறை சொல்லாதீர்கள். நாம் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடங்களும் மதிப்பெண்ணை மட்டும் கொடுக்கும். மனப்பாடத்தால் பரீட்சையைத் தாண்டிவிடலாம். ஆனால், பள்ளி முடிந்தபின்பும் ஒரு புத்தகத்தைத் தானாகத் திறக்கும் விருப்பம் பிள்ளைக்கு இருக்குமா என்பதை இன்றைய வகுப்புகளே தீர்மானிக்கின்றன.

குடும்பத்தில் பேசிப் பார்க்க

1. இவ்வாரம் எந்தப் பாடம் உன் மனத்தைப் பிடித்தது? ஆசிரியர் அதை எப்படித் தொடங்கினார்? (ஒவ்வொரு பிள்ளையும் சொல்லட்டும்.)

2. அப்பாவின் தொழிலிலும் அம்மாவின் தொழிலிலும் வகுப்புக்குக் கொண்டுபோகத்தக்க ஒரு கேள்வி எது?

3. காலையில் நம் வீட்டில் அதிகமாகக் கேட்கும் சொல் எது? அது பிள்ளையைப் படிப்புக்கு அனுப்புகிறதா, படிப்பிலிருந்து துரத்துகிறதா?

4. நம் தெருவில் "படிப்பு ஏறாது" என்று பெயர் வாங்கிய பிள்ளை யார்? அப்பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் எது? அதை அதனிடமே கேட்டறிந்தீர்களா?

நான்காம் கேள்வியை மட்டும் பேச்சோடு விட்டுவிடாமல், வருகிற ஞாயிறுக்குள் செய்து முடியுங்கள்.

— பங்குக் குரு